எண்ணெய் விலை விழுந்தபோது வலிகாமத்தில் ஒரு வீடு: ஒரு நிகழ்வு ஆய்வு

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு பாடசாலையில் தொழில் வழிகாட்டலுக்குப் பொறுப்பாசிரியராக இருந்த காலத்தில் நான் கையாண்ட நிகழ்வு இது. 2014 நடுப்பகுதியிலிருந்து 2017 முடிவு வரை நேரடியாகப் பார்த்தது. அதற்குப் பிறகு நல்லது கெட்டதுக்கு வீட்டுக்குப் போய்வந்தபோது தெரிந்தது. தாயிடமும் இரண்டு பிள்ளைகளிடமும் கேட்டு, அவர்கள் சரி என்ற பிறகே எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விபரங்களை விட்டுவிட்டேன்.

பின்னணி

வீட்டில் மூன்று பேர். தாய், உயர்தரம் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பு) தொடங்கியிருந்த மகன், ஒன்பதாம் வகுப்பில் மகள். தகப்பன் 2011இல் நோயில் இறந்தவர். குத்தகைக்கு எடுத்த இரண்டு பரப்பு நிலத்தில் தாய் சின்ன வெங்காயம் வைப்பார். அது பருவத்துக்கு வரும் காசு. மாதாமாதம் அடுப்பெரித்தது தாயின் தம்பி கனடாவிலிருந்து அனுப்பிய 400 கனடா டொலர்.

அந்த மாமன் சாதாரண தரத்தோடு (ஓ.எல்., பதினோராம் வகுப்புப் பரீட்சை) படிப்பை விட்டு, தொண்ணூறுகளில் ரொறன்ரோவுக்குப் போனவர். உணவகங்களில் பல வருடம் வேலை செய்தபின், 2006இல் மேற்கே அல்பேர்ட்டா மாகாணத்துக்கு மாறினார். கனடா எடுக்கும் மசகு எண்ணெயில் மிகப் பெரும் பங்கு அந்த மாகாணத்திலிருந்துதான் வருகிறது. அதிலும் பெரும்பகுதி துளையிட்டால் பீறிட்டு வரும் எண்ணெய் அல்ல. மணலோடு ஒட்டிக் கிடக்கும் தார் போன்ற பொருள். அதைத் தோண்டி எடுத்தோ நிலத்துக்குள் நீராவி செலுத்தியோ பிரிக்க வேண்டும். பெருஞ்செலவு, ஏராளமான ஆள்வேலை. வடக்கே போர்ட் மக்மரி என்ற ஊரைச் சுற்றிக் காட்டுக்குள் தொழிலாளர் முகாம்கள். மாமன் அப்படி ஒரு முகாமின் சமையலறையில் வேலை செய்தார்: 14 நாள் வேலை, 7 நாள் ஓய்வு. தங்கலும் சாப்பாடும் முகாமில். மணிக்கு 20 டொலருக்கு மேல் கையில் வந்தது. ஓய்வு நாட்களில் எட்மன்டன் நகரில் ஒரு அறை.

வீட்டில் அந்தப் பணம் மூன்று இடத்துக்குப் போனது. புதுவீடு ஒன்று லிண்டல் மட்டம் வரை எழும்பியிருந்தது. மகனுக்கு லீசிங்கில் மோட்டார்சைக்கிள், மாதத் தவணை 8,750 ரூபாய். மீதி பிள்ளைகளின் ரியூசனுக்கும் சாப்பாட்டுக்கும். சேமிப்பு என்று எதுவும் இல்லை.

முதலில் கண்டது

மகன் கணிதப் பிரிவில் சேர்ந்திருந்தான். சாதாரண தரத்தில் கணிதம் பி, விஞ்ஞானம் சி. அந்தப் பெறுபேற்றோடு இணைந்த கணிதம் கடினம் என்று வகுப்பாசிரியர் முதலிலேயே சொல்லியிருக்கிறார். ஆனால் எஞ்சினியரிங் பக்கம் படித்தால் கனடாவுக்கு எடுக்கலாம் என்று மாமன் சொன்னது வீட்டில் வேதவாக்கு.

2014 ஒக்டோபரிலிருந்து வரவு குறைந்தது. கிழமையில் இரண்டு நாள் வருவான். வந்தாலும் கடைசி வாங்கில் இருந்து போனைப் பார்ப்பான். சண்டை, சச்சரவு எதிலும் இல்லை. பின்னேரங்களில் சந்தியில் இதே மாதிரி நான்கைந்து பெடியங்களோடு மோட்டார்சைக்கிளில் சாய்ந்து நிற்பான். எல்லோருக்கும் வெளிநாட்டில் ஓர் அண்ணனோ மாமனோ இருந்தார்கள். எனக்கு அவர்கள் கெட்ட பிள்ளைகளாகத் தெரியவில்லை, பஸ்ஸுக்கு நிற்பவர்களைப் போலத்தான் தெரிந்தார்கள்.

கூப்பிட்டுக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “மாமா ஓ.எல். தானே சேர். மணிக்கு 20 டொலருக்கு மேலை எடுக்கிறார். நீங்கள் எவ்வளவு எடுக்கிறியள்?” என்றான். திமிரில் கேட்ட மாதிரி இல்லை. உண்மையிலேயே கணக்குப் பார்த்துக் கேட்டான். அவன் வீட்டுக்கு மாதம் வரும் காசை விட அப்போது என் சம்பளம் குறைவு. பதில் சொல்லாமல் விட்டேன்.

பின்னர் வாசித்தபோது தெரிந்தது, அல்பேர்ட்டாவிலும் இது பழைய பிரச்சினைதான் என்று. எண்ணெய் விலை ஏறும் காலங்களில் அங்குள்ள இளைஞர்களே உயர்பள்ளியை முடிக்காமல் எண்ணெய் வேலைக்குப் போய்விடுகிறார்கள். 18 வயதில் ஆசிரியரை விடக் கூட உழைக்க முடியுமென்றால் யாருக்குத்தான் படிக்க மனம் வரும்? விலை விழும்போது கையில் சான்றிதழும் இல்லை, வேலையும் இல்லை. அந்த இழுப்பு அங்கிருந்து எங்கள் சந்தி வரை வந்திருந்தது என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. சோம்பல் என்றே குறித்து வைத்தேன்.

முதல் முடிவு, அது பிழையாய்ப் போன விதம்

2015 பெப்ரவரியில் தாயிடம் இலக்கம் வாங்கி மாமனுக்கு வைபரில் எடுத்தேன். வீட்டில் அவர் சொல்தான் எடுபடும், அவர் அதட்டினால் பையன் வருவான் என்பது என் கணக்கு. நான் பேசி முடிக்க முன்னமே அவர் உறுதி தந்துவிட்டார். “நான் இருக்கிறன் சேர், அவன் படிக்கட்டும். உங்கை முடிச்சானெண்டால் நான் கூப்பிடுவன்.” அன்றிரவே பையனுக்கும் அதையே சொல்லியிருக்கிறார். அடுத்த இரண்டு கிழமை பையன் ஒழுங்காக வந்தான். பிறகு பழையபடிதான்.

அந்த நேரம் மாமனின் நிலைமை எப்படி என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். 2014 ஜூனில் பீப்பாய் 100 அமெரிக்க டொலருக்கு மேல் இருந்த எண்ணெய், 2015 ஜனவரியில் 50க்குக் கீழே வந்துவிட்டது. ஓடிக்கொண்டிருக்கும் சுரங்கத்தை நிறுவனங்கள் உடனே மூடுவதில்லை. புதிதாகக் கட்ட இருந்ததைத்தான் முதலில் நிறுத்துவார்கள். கட்டுமானம் நின்றால் கட்டுமான ஆட்கள் தங்கும் முகாம் காலியாகும். முகாம் காலியானால் சமையலறைக்கு ஆள் தேவையில்லை. நான் எடுத்த அந்த மாதமே அவருடைய வேலை நாட்கள் பாதியாக வெட்டப்பட்டிருந்தன. அக்காவுக்குத் தெரியக்கூடாது என்று கிரெடிட் காட்டில் எடுத்து 400ஐ நிரப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். ஒரு வாத்தியார் ஊரிலிருந்து எடுத்துக் கேட்கும்போது வெட்கத்தில் இன்னும் பெரிய வாக்காகக் கொடுத்துவிட்டார். இதெல்லாம் ஒன்பது மாதம் கழித்துத்தான் வெளியே வந்தது. அந்த ஒன்பது மாதத்தில் என் பங்கும் இருக்கிறது.

இன்னொன்றையும் நான் அப்போதே பார்த்திருக்கலாம். கனடாவில் மாமன் மருமகனை நினைத்தபடி கூப்பிட முடியாது. பெற்றோரை இழந்த, 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையாக இருக்க வேண்டும். அல்லது கூப்பிடுபவருக்கு மனைவி, பிள்ளை, பெற்றோர் போன்ற நெருங்கிய உறவு யாருமே இல்லாத நிலை வேண்டும். மாமனுக்கு ரொறன்ரோவில் மனைவியும் ஒரு மகளும் உண்டு. “மாமா கூப்பிடுவார்” என்ற பேச்சுக்குச் சட்டத்தில் இடமே இல்லை. குடிவரவுத் திணைக்களத்தின் விதியைப் படிக்க எனக்கு அரை மணித்தியாலம் போனது. அந்த அரை மணித்தியாலத்தை 2015 ஒக்டோபரில்தான் செலவழித்தேன்.

பணம் நின்றது

2015 செப்டெம்பரில் மாமன் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டார். வேலையிழப்புக் காப்புறுதியில் முந்தைய வருமானத்தில் 55 வீதம், அதற்கும் ஓர் உச்சவரம்பு. ரொறன்ரோவில் குடும்பம், எட்மன்டனில் அறை வாடகை, கிரெடிட் காட் கடன். அந்த மாதம் 250 வந்தது. ஒக்டோபரில் 150. நவம்பரில் ஒன்றும் வரவில்லை.

நவம்பரில் ஒருநாள் தாய் தானாகவே பாடசாலைக்கு வந்தார். லீசிங்காரர் வீட்டுக்கு வந்து போயிருக்கிறார்கள். காப்புச் சோடி அடகில். பையனைப் பாடசாலையிலிருந்து நிற்பாட்டி வேலைக்கு விடலாமா என்று கேட்க வந்திருந்தார். “உடனே ஒண்டும் செய்யாதையுங்கோ அக்கா, வீட்டை வாறன்” என்றேன்.

சி.ஆர். கொப்பி

அந்தச் சனிக்கிழமை பூசாத சுவரோரம், பழைய வீட்டு விறாந்தையில் இருந்தோம். வருமானம், செலவு, கடன் மூன்றையும் ஒரு தாளில் எழுதுவது என் திட்டம். மாதம் எவ்வளவு வந்தது என்று கேட்டேன். தாய், “400 தான் சேர், எப்பவும் அதுதான்” என்றார். பையனும் தலையாட்டினான். உள்ளே நின்ற மகள் தடித்த அட்டை போட்ட ஒரு சி.ஆர். கொப்பியோடு வந்து என் முன்னால் வைத்துவிட்டுப் போய்க் கதவு நிலையில் நின்றாள்.

காசு எடுக்கப் போகும்போது தாய் அவளைத்தான் கூட்டிப்போவாராம், படிவம் நிரப்ப. ஒவ்வொரு முறையும் திகதி, டொலர், அன்றைய விலை, கையில் வந்த ரூபாய் என்று நான்கு நிரலில் நீல மையில் எழுதியிருந்தாள். 2014 ஜூலையில் ஒரு கனடா டொலருக்கு 121 ரூபாய், 400க்கு 48,400. 2015 ஜனவரியில் 109, அதே 400க்கு 43,600. டொலர் குறையாமலே கிட்டத்தட்ட ஐயாயிரம் ரூபாய் காணாமல் போயிருந்தது. கனடா எண்ணெய் விற்கும் நாடு என்பதால் எண்ணெய் விழுந்தால் அந்த நாட்டு டொலரும் பெரும்பாலும் சேர்ந்து விழும். மாமனின் வேலைக்கு ஆபத்து வர முன்னமே, அவர் அனுப்பிய காசு வழியில் கரையத் தொடங்கிவிட்டது. பொருளியல் ஆசிரியர் ஒருவரிடம் பின்பு கேட்டுத்தான் இதை நான் சரியாக விளங்கிக்கொண்டேன். 14 வயதுப் பிள்ளை காரணம் தெரியாமலே அதைக் கண்டுபிடித்து, ஜனவரிப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தாள்.

அந்தப் பக்கத்துக்குக் கீழே இன்னொரு வரியும் இருந்தது: “ரியூசன் (நான்) — நிப்பாட்டியது”. திகதி 2015 பெப்ரவரி.

நான் அதை வாசித்தேன். பையனின் மூன்று பாட ரியூசன் அப்படியே இருக்க, அவளுடையது நின்றிருக்கிறது என்பதும் தெரிந்தது. ஆனால் அன்று அதைப் பற்றி ஒன்றும் கேட்காமல் பக்கத்தைத் திருப்பிவிட்டேன். என் நிகழ்வு பையன். நான் வந்தது அவனுக்காக. இப்போது இதை எழுதும்போது அதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

எடுத்த முடிவுகளும் காரணமும்

தாளில் கணக்கு எழுதி முடிய எல்லோரும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். சேமிப்பு என்று ஒன்றும் இல்லை. அல்பேர்ட்டா மாகாணம் 1976இல் எண்ணெய் வருமானத்தில் 30 வீதத்தை ஒதுக்கி ஒரு சேமிப்பு நிதியம் தொடங்கியது. பிறகு அதைப் பாதியாக்கி, 1987இல் புதிதாக ஒதுக்குவதையே நிறுத்திவிட்டது. சொந்தமாக விற்பனை வரி கூட இல்லாமல் எண்ணெய் வருமானத்தை நம்பியே செலவு செய்த மாகாணம் அது. ஒரு மாகாண அரசே நல்ல காலத்தில் சேமிக்காதபோது, இரண்டு பரப்பு வெங்காயக்காரியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முதலில் மோட்டார்சைக்கிள். லீசிங்கை ஊரிலேயே இன்னொருவர் பெயருக்கு மாற்றினோம். கட்டிய காசு போனது போனதுதான், ஆனால் மாதம் 8,750 நின்றது. பையன் இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று தாய் சொன்னார். வீட்டு வேலையை லிண்டலோடு நிறுத்துவது என்பதில் விவாதமே வரவில்லை.

சிக்கல் படிப்பில்தான் வந்தது. என் கருத்து, கணிதப் பிரிவை விட்டு, 2013இல் அறிமுகமான தொழினுட்பப் பிரிவுக்கு அவன் மாற வேண்டும் என்பது. எங்கள் பாடசாலையில் அது இல்லை; பக்கத்துப் பாடசாலையில் இருந்தது. மாறினால் 2016 ஓகஸ்டுக்குப் பதில் 2017இல்தான் பரீட்சை. ஒரு வருடம் கூடும். இருந்தும் அதைச் சொன்னதற்குக் காரணம், மாதாந்தப் பரீட்சைகளில் இணைந்த கணிதத்தில் அவன் 20ஐத் தாண்டியதே இல்லை. ஆனால் அதே பையன், பழுதான நீர்ப்பம்பி ஒன்றைத் தோட்டத்தில் பிரித்துப் பூட்டியிருந்தான் என்று தாய் பேச்சுவாக்கில் சொன்னார்.

தாய் ஒப்பவில்லை. “மட்ஸ் படிக்கிறான் எண்டு ஊருக்குள்ளை சொன்னனான் சேர். இப்ப எப்பிடி மாத்திறது?” பையனுக்கும் விருப்பமில்லை, ஆனால் அவனுடைய காரணம் வேறு: போகத்தானே போகிறோம், எதைப் படித்தால் என்ன. அப்போதுதான் குடிவரவு விதியைச் சொன்னேன். நம்பவில்லை. அந்த இடத்திலேயே மாமனுக்கு எடுத்தான். மாமன் கன நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “ஓம் தம்பி, சேர் சொல்லுறது சரி. எனக்கும் போன வருசம்தான் தெரியும்” என்றார். வேலை போன கதையையும் கடனையும் அக்காவிடம் அன்றுதான் முதன்முதலாகச் சொன்னார். தாய் போனை வாங்கித் தம்பியோடு அழுதார். பையன் எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விட்டான்.

2016 ஜனவரியில் அவன் பாடசாலை மாறினான். ரியூசன் மூன்றிலிருந்து ஒன்றானது. தாய் தோட்ட வேலையோடு ஒரு கடைக்கு மிளகாய்த்தூள் இடித்துக் கொடுக்கத் தொடங்கினார். மாமனிடம் நான் ஒன்றைத்தான் கேட்டேன்: அனுப்ப முடியாத மாதத்தில் முடியாது என்று சொல்லுங்கள்.

பிறகு நடந்தது

2016 தொடக்கத்தில் எண்ணெய் 30 டொலருக்கும் கீழே போனது. மாமன் எட்மன்டனில் டாக்சி ஓட்டத் தொடங்கியிருந்தார். மே மாதம் போர்ட் மக்மரியில் காட்டுத்தீ. 80,000க்கு மேற்பட்டோர் ஊரை விட்டு வெளியேறினார்கள். 63ஆம் இலக்க நெடுஞ்சாலையில் இரண்டு பக்கமும் தீ எரிய, கார்கள் வரிசையாக ஊர்ந்து போகும் வீடியோ ஒன்றை மாமன் வைபரில் அனுப்ப, பையன் அதை எனக்குக் காட்ட வந்தான். தாய் எட்டிப் பார்த்துவிட்டு, “95இலை நாங்களும் உப்பிடித்தான் செம்மணியாலை போனாங்கள். மழைக்குள்ளை, நடையிலை” என்றார். 1995 வலிகாம இடப்பெயர்வைத்தான் சொன்னார். பையன் அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தான். மாமன் இருக்கும் இடம் ஒரு சம்பளம் மட்டுமல்ல, அதுவும் ஓர் ஊர்தான் என்று அன்று அவனுக்குப் பட்டிருக்கலாம். இது என் ஊகம்.

புதுப் பாடசாலையில் வரவு நன்றாக இருந்தது. 2017 பரீட்சையில் ஒரு சி, இரண்டு எஸ் (சாதாரண சித்தி). பல்கலைக்கழகத்துக்குப் போதாது. ஆனால் அது யாரையும் உடைக்கவில்லை, ஏனென்றால் அடுத்த வழியை முன்னமே பேசி வைத்திருந்தோம். கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிலையத்துக்கு விண்ணப்பித்து, இயந்திரவியல் பக்கம் சேர்ந்தான். தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழோடு வெளியே வந்து, கோண்டாவில் பக்கம் கேற்றும் கூரைச் சட்டமும் செய்யும் ஒரு பட்டறையில் ஒட்டுவேலைக்குச் சேர்ந்தான்.

2022இல் எண்ணெய் மறுபடியும் பீப்பாய் 100 அமெரிக்க டொலரைத் தாண்டியது. அல்பேர்ட்டா அரசு பெரிய உபரியோடு வருடத்தை முடித்தது. இங்கே எரிபொருள் வாங்க நாட்டிடம் டொலர் இல்லை. மின்வெட்டு ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனது, டீசலும் இல்லை. பட்டறை கிழமைக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. ரூபாய் விழுந்ததால் மாமன் அனுப்பிய 100 டொலருக்கு 2014இல் வந்திருக்கக்கூடியதை விட இரண்டு மடங்குக்கு மேல் ரூபாய் வந்தது. அதே எண்ணெய் விலை ஒரு முறை விழுந்து இந்த வீட்டைக் கவிழ்த்தது. அடுத்த முறை ஏறியபோது, பட்டறை பூட்டியதில் அதற்கும் ஒரு பங்கு இருந்தது. கிடைத்த அந்தக் காசில் தாய் வீட்டுக்குக் கூரை போடவில்லை. நகையை மீட்டார்.

மகளின் கதை வேறு மாதிரிப் போனது. ரியூசன் இல்லாமலே 2016இல் சாதாரண தரம் எடுத்தாள். கணிதம் சி. அவள் கேட்டது கணிதப் பிரிவு. அண்ணனுக்கு நடந்ததைப் பார்த்த பாடசாலை அவளைச் சேர்க்கத் தயங்கியது. அந்தத் தயக்கத்துக்கு என்னுடைய பேச்சும் ஒரு காரணம். பலவீனமான பெறுபேற்றோடு கணிதப் பிரிவு வேண்டாம் என்று இந்த வீட்டையே உதாரணம் காட்டி ஆசிரியர்களிடம் பேசியவன் நான். வர்த்தகப் பிரிவுக்குப் போனாள். இரண்டாம் முறை, 2020 பரீட்சையில், பல்கலைக்கழக அனுமதி கிடைத்தது. போன வருடம் சந்தித்தபோது, “கணக்குத்தான் சேர் படிக்கிறன், ஆனா வேறை கணக்கு” என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

மாற்றிச் செய்வதென்றால்

மாமனுக்கு எடுத்ததை இப்போது செய்யமாட்டேன், குறைந்தபட்சம் அப்படிச் செய்யமாட்டேன். வெளியிலிருந்து காசு அனுப்புபவரை அதிகாரியாக நினைத்துப் பேசினேன். அவர் சம்பளம் குறைந்த ஒரு தொழிலாளி. இப்போதென்றால் முதலில் வேலை எப்படிப் போகிறது என்று கேட்பேன்.

குடிவரவு விதியை முதல் சந்திப்பிலேயே பார்ப்பேன். “போகத்தானே போறன்” என்ற பிள்ளைக்கு எந்த வழியால் போவாய் என்று கேட்காமல் வேறு என்ன புத்திமதி சொன்னாலும் காதில் ஏறாது. 2015இல் அதற்குப் பதில் மாமன். இப்போது வருகிற பிள்ளைகள் மாணவர் விசா என்கிறார்கள். காட்ட வேண்டிய கைப்பணத்தை 2024 தொடக்கத்தில் கனடா 10,000 டொலரிலிருந்து 20,635ஆக உயர்த்தியதைச் சொன்னால் முகம் மாறுகிறது. அந்த முகமாற்றத்துக்குப் பிறகுதான் கதைக்கவே முடிகிறது.

பாடப்பிரிவு மாற்றம் சரியான முடிவு என்றே இன்னும் நினைக்கிறேன். அதை ஒரு வருடம் முன்னே செய்திருக்கலாம்.

நான் பயன்படுத்தும் விபரப் படிவத்தில் பெற்றோர் தொழில், வருமானம், வெளிநாட்டு உதவி என்று எல்லாம் இருந்தது. இப்போது கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: இந்த வருடம் வீட்டில் யாருடைய ரியூசன் நின்றது? தாய்மார் அதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்தபடி இருப்பார்கள். பெரும்பாலும் கூட வந்த தங்கச்சிதான் பெயரைச் சொல்கிறாள்.